நரம்புப் பாடம்

மல்லாவியில் ஒரு தனியார் ரியூசன் கல்லூரியின் கிடுகுக் கொட்டிலில் வின்சன் எப்போதும் வாங்குப் பலகையின் வாசல்பக்க நுனியில்தான் இருப்பான். அம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. ஒரேயொரு நிபந்தனை: வாசல் படலையடியில் அம்புலன்ஸ் ஹோர்ன் அடித்தால் எழும்பிவிட வேண்டும். எழும்பாவிட்டால் சலுகை போய்விடும். பெற்றோல் கிடைக்காத காலம்; அந்த வான் மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்தினால் லேசில் திரும்பக் கிளம்பாது. சாரதி கணபதி அதை உறுமவிட்டபடியே காத்திருப்பார்.

"அண்ணை அரைப்பாடம் படிச்சே டொக்டராகிடுவார்" என்பாள் பின் வாங்கில் இருக்கும் சிவரூபி. அவன் பரீட்சை எடுக்கப்போவதில்லை. நரம்புப் பாடத்துக்காக மட்டும் காத்திருந்தான்.

போன மாரியில் அவன் மனைவி மார்கிறட்டைக் கட்டுவிரியன் கடித்தது. அதே வானில்தான் கொண்டுபோனான். பாதி வழியில் அவள் கண்கள் மூடிக்கொண்டன. அவன் விடாமல் கதைத்துக்கொண்டே போனான். கடலைப் பற்றி, கூழைப் பற்றி, வாயில் வந்ததைப் பற்றி. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை. அந்தக் கதையெல்லாம் அவளுக்குக் கேட்டதா? அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

இன்று பத்மாசனி ரீச்சர் கரும்பலகையில் ஒரு நரம்பையும் ஒரு தசையையும் கீறினார். இரண்டுக்கும் நடுவே சின்ன வெளி.

"நரம்பு தசையைத் தொடாது. சில பாம்பின்ர நஞ்சு தசைக்குப் போற செய்தியை இந்த இடத்திலதான் மறிக்கும். முதல்ல கண்ணிமைதான் விழும்."

ஹோர்ன் அடித்தது. வின்சன் எழும்பவில்லை.

"ரீச்சர், அப்ப கண் மூடின ஆளுக்குக் காது கேக்குமோ?"

சிவரூபி கூடச் சிரிக்கவில்லை. ஹோர்ன் மறுபடி, நீளமாக.

"வின்சன், முதல்ல போயிட்டு வாங்கோ. படத்தை அழிக்காமல் வைக்கிறன்."

"என்ன, ரீச்சர் விடமாட்டன் எண்டவாவோ?" என்றார் கணபதி, அவன் வானடிக்கு வந்ததும். "ஏறும். வவுனிக்குளத்தில பாம்புக்கடி."

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அழகம்மாவை அறுப்புக்குப் போன வயலில் பாம்பு கடித்திருந்தது. வானுக்குள் அவள் இமைகள் மெல்லச் சரிந்து மூடின. புருஷன் பொன்னையா தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணத் தொறக்க மாட்டேங்குறாளே தம்பி! போயிட்டாளா?"

வின்சன் அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது. அவள் கையைத் தன் கைக்குள் எடுத்தான்.

"அக்கா, நான் கதைக்கிறது கேட்டால் விரலை ஒருக்கா அமத்துங்கோ."

வான் ஒரு றோட்டுக் குழியில் விழுந்து எழும்பியது. ஒன்றுமில்லை. பிறகு அவன் உள்ளங்கையில் ஒரு விரல், மிக மெதுவாக, அழுந்தியது.

"என்னா தம்பி? கேக்குதா அவளுக்கு?"

"ஓம்" என்றான். அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, எங்கட பக்கம் கடல்..."

வான் குலுங்கியது. அந்த விரல் அழுந்தியபடியே இருந்தது.