கடலைத்தொலிக் கரி

ஐயனார் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே சொர்ணவல்லி சாயப்பட்டறை வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னால் பாதி ஊர் வந்தது. போன வெள்ளிக்கிழமை இதே ஆள்தான் அவள் புருசன் கண்ணுசாமியின் வாயில் குத்திப் பல்லை உதிர்த்துவிட்டுப் போனான். குத்தினதோடு விட்டானா? "அடுத்த வெள்ளிக்குள்ள ஒன் சாயத்தண்ணி தெளியல, பட்டறையக் கொளுத்திப்புட்டு ஒன் கையையும் முறிச்சுப்புடுவேன்" என்று கெடு வேறு.

சும்மா சொல்லக்கூடாது, அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. திருமயத்துக்குத் தெற்கே அந்தப் பொட்டல் காட்டில் ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஒரு ஊரணிதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையேறுவார்கள். கால் நனைக்க மாட்டார்கள், குடத்தை மட்டும் முக்கித் தூக்குவார்கள். அப்பேர்ப்பட்ட தண்ணீரில், கண்ணுசாமி பட்டறையில் சேலை நூல் அலசின சிவப்புச் சாயம், மழைத்தண்ணீர் ஊரணிக்கு வரும் வரத்துக்காலில் இறங்கிக் கலந்துவிட்டது. உலையில் சோறே சிவப்பாய் வெந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

கண்ணுசாமிக்குச் சாயம் ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியாது. வழி கண்டது சொர்ணவல்லிதான். பல் விளக்க வைத்திருந்த கொட்டாங்கச்சிக் கரி சாயச் சட்டியில் கொட்டிப்போய், மறுநாள் பார்த்தால் மேல்தண்ணீர் வெளுத்திருந்தது. அவ்வளவு கொட்டாங்கச்சிக்கு இந்த வறண்ட சீமையில் எங்கே போவது? கடலை மில்லில் குப்பையாய்க் கிடந்த தொலியை மூட்டை மூட்டையாய்ச் சுமந்தாள். முதலில் எரித்தது வெறும் சாம்பலாய்ப் போனது. பிறகு பானைக்குள் திணித்து, மூடியைச் சுற்றி மண் பூசி, காற்றுப் புகாமல் மூட்டம் போட்டாள். கரி கிடைத்தது. புகையும் கிளம்பியது.

"எம்புள்ளைக இருமியே சாகணுமா? அங்கிட்டுக் கொண்டுபோய்க் கொளுத்துடி!" என்று தெருவில் நின்று கத்தினாள் ஐயனார் பெண்டாட்டி மீனம்மாள். எதற்குப் பொல்லாப்பு என்று சுடுகாட்டை ஒட்டின பொட்டலில் போய் மூட்டம் போட்டாள் சொர்ணவல்லி. அங்கேதான் சனி பிடித்தது.

கெடு முடிகிற அந்த வெள்ளிக்கிழமை, வந்த கூட்டத்தைப் பட்டறைக்குப் பின்னால் அழைத்துப்போனான் கண்ணுசாமி. அங்கே மேட்டில் ஒரு பெரிய குழி. வாரம் பூராவும் அலசின சிவப்பை மண்கரை கட்டி அதில் தேக்கியிருந்தார்கள். அது கீழ்க்குழியில் இருந்த மணலிலும் கரியிலும் சொட்டுச் சொட்டாய் இறங்கி, மூங்கில் குழாய் வழியாக வெளியே வந்தது. கண்ணுசாமி குழாயடியில் செம்பைப் பிடித்தான். பளிங்குத் தண்ணீர். எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தான்.

"அட, நெசமாவே தெளிஞ்சிருக்கேப்பா!" என்றார் கூட்டத்தில் ஒருத்தர்.

ஐயனார் குனிந்து ஒரு பிடி கரியை அள்ளினான். "இது எங்க சுட்டது?"

"சுடுகாட்டுப் பொட்டல்லண்ணே. கடலைத்..."

சொர்ணவல்லியை முடிக்க விட்டானா பாவி! "பொணக்கரிடா! நாம குடிக்கிற தண்ணிக்குப் பொணக்கரியப் போட்டிருக்காடா!"

கரியை யாரும் மோந்துகூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் எவனோ ஓங்கிய மண்வெட்டிக் காம்பு சொர்ணவல்லியின் மண்டையில் இறங்கியது, ரத்தம் கண்ணை மறைத்தது. ஐயனாரின் கடப்பாறை மேட்டுக்குழியின் கரையில் விழுந்தது. "ஐயோ, அதுல கைய வைக்காதீங்க! ஊரணிக்குப் போயிரும்!" என்று கண்ணுசாமி ஓடிப்போய்க் கரையைக் கட்டிப்பிடித்தான். அடுத்த போடு அவன் முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்படியும் அவன் விடவில்லை, மற்றக் கையால் மண்ணை அணைத்துக்கொண்டு கிடந்தான். அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு ஐயனார் இன்னொரு குத்துக் குத்தினான்.

கரை உடைந்தது. ஒரு வாரச் சிவப்பும் கரியைப் புரட்டிக்கொண்டு வரத்துக்காலில் பாய்ந்தது. கூட்டம் கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. மண் அள்ளிப் போட்டார்கள், கல்லை உருட்டினார்கள், ஆள் மேல் ஆள் விழுந்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. செருப்புக் காலோடு படியில் இறங்கி நின்ற அத்தனை பேர் கண்ணெதிரே ஊரணி சிவந்தது. படியில் குடத்தோடு நின்ற மீனம்மாள், "அடப்பாவி, நீயா வெட்டிவிட்ட?" என்று புருசனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஐயனார் கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

சொர்ணவல்லி செம்போடு வந்தாள். முகம் பூரா ரத்தம். சிவந்த தண்ணீரை ஊரணியில் செம்பு முங்க மொண்டாள். ஐயனார் தலைமயிரைக் கொத்தாய்ப் பிடித்து இழுத்து, செம்பை வாயில் திணித்தாள். உதடு கிழிந்தது.

"எம்புருசன் குடிச்சாருல்ல? இப்ப நீ குடிடா!"

விலக்கிவிட ஒருத்தரும் வரவில்லை, மீனம்மாளும் வரவில்லை. ஐயனார் குடித்தான்.