பாட்டிலில் இருந்த கற்கள்

என் பித்தப்பையை எடுத்த பிறகு, அதிலிருந்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். என் கணவர் அதை ஜாலான் புசார் வீதியில் இருக்கும் எங்கள் ஹார்டுவேர் கடையின் மேசைமேல் வைத்தார். ஆணி வாங்க வருகிறவர்கள்கூட அதைக் குலுக்கிப் பார்க்காமல் போனதில்லை. என் வயிற்றில் கிடந்ததை ஊரே கையில் எடுத்துப் பார்க்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும். எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் நினைக்கவே இல்லை.

இன்று ஆபரேஷன் புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். "கல்லுதான் வந்துடுச்சே, சும்மா செக்கப்தானே லா" என்று அவர் கடையிலேயே இருந்துவிட்டார்.

டாக்டர் கவிப்ரியா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பையோட சுவர்ல கேன்சர் இருக்கும்மா. அதைத் தாண்டிக் கல்லீரலுக்கும் போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"அதான் எடுத்துட்டீங்களே."

"பையைத்தான் எடுத்தோம்" என்றார். பிறகு, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார்.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். கடையில் என் கணவர் ஒரு பெயிண்டரிடம் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதை உள்ள வச்சுக்கிட்டுத்தான் அவ அப்படித் துடிச்சா. இப்ப எல்லாம் வெளிய வந்துடுச்சு."

பெயிண்டர் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் என் கணவர். "புண்ணு ஆறிடுச்சாமா?"

"ஆறிடுச்சு" என்றேன்.