முப்பத்தோராவது பறவை

பெரியமுத்து உண்ணிச்செடிகளை வெட்டி வழியெடுத்துக்கொண்டே முன்னால் போனான். பின்னால் ரேஞ்சர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏறினார். பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சார் தூரக்கண்ணாடியோடு நின்று நின்று வந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் இந்தச் சரிவு முழுக்கக் கேழ்வரகு. பஞ்ச காலத்தில் பயிர் வையுங்கள் என்று சர்க்காரே காட்டை வெட்டக் கொடுத்தது. மூன்று வருஷம் விளைந்தது. நாலாவது வருஷம் மலைக்காய்ச்சலில் மகள் சந்தனம் போனாள். அவளை இங்கேயே புதைத்துவிட்டு அவனும் மனைவி மூக்கம்மாளும் ஆனைக்கரை ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். இப்போது இந்த நிலத்துக்கு உரிமைப் பட்டயம் கேட்டு மனுப் போட்டிருந்தான். விவசாயம் நடந்த இடம் என்று ரேஞ்சர் எழுதினால் நிலம் அவனுக்கு. காடு என்று எழுதினால் மனு அத்தோடு சரி.

ஒரு குரல் கேட்டது. "இது என்ன?" என்றார் சார்.

"குக்குறுவான் சார். அங்கிட்டு தட்டுறது மரங்கொத்தி."

சார் வியந்து போனார். அந்த வியப்பில் பெரியமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பாவி மனுஷன், கேட்டதற்கு மேலும் சொன்னான்.

"நாங்க கேப்பை வெதைக்கயில சில்லையும் கிளியும் புறாவுந்தேன் வரும். இப்பப் பாருங்க, காட்டுப் பறவை பூராத் திரும்பி வந்திருச்சு."

"இருவாச்சி வந்ததா?"

"இல்ல சார். அதுக்குப் பொந்து இருக்கிற பெரிய மரம் வேணும். இன்னும் அம்பது வருசமாகும்."

சார் தன் நோட்டில் எழுதினார். ரேஞ்சர் மனுவின் பின்பக்கத்தில் எழுதினார். பெரியமுத்து சொல்லச் சொல்ல முப்பது பெயர் ஆயிற்று.

சரிவின் நடுவில் பெரியமுத்து குனிந்து சருகை விலக்கினான். மூன்று கற்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து வட்டக்கண்ணி மரம் ஒன்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது.

"இது எங்க அடுப்புங்கய்யா. இங்ஙனதேன் குடிசை."

"கல்லு எல்லாக் காட்டிலும் உண்டு" என்றார் ரேஞ்சர்.

அப்போது மேலே ஒரு சீட்டி கேட்டது. இரண்டு குட்டை, ஒன்று நீளம். பெரியமுத்துவின் கையிலிருந்து அரிவாள் நழுவியது. பரண்மேல் நின்று, விரல்களை வாயில் வைத்து, கிளிகளை விரட்ட அவள் அடிக்கும் சீட்டி. பன்னிரண்டு வயதிலேயே அவளுக்கு வந்த அந்தச் சீட்டி இந்த மலையில் வேறு யாருக்கும் வராது.

"எம் மகளுங்கய்யா அது! சந்தனம் இப்படித்தேன் அடிப்பா! கருது காவலுக்கு!"

ரேஞ்சர் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியை இறக்காமலே மெல்லச் சொன்னார்: "துடுப்புவால் கரிச்சான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். குஞ்சுகளும் அதனிடம் படித்துக்கொள்ளும். இந்த ஆள் சொல்வது நிஜமாக இருக்கலாம்."

"அது காட்டுப் பறவைதானே சார்?"

"ஆமாம்."

ரேஞ்சர் அதையும் சேர்த்து எழுதினார். அடியில் ஒரு வரி எழுதிவிட்டு மசிப்பெட்டியைத் திறந்தார்.

"சாட்சிக்குக் கைவிரல் வை."

"என்ன எழுதியிருக்கீங்கய்யா?"

"பக்ஷிகளின் பேரு. காடு என்று எழுதியிருக்கேன்."

"நெலம்?"

"முப்பது பேரு நீ சொன்னதுதானே? பொய்யா சொன்னாய்?"

பெரியமுத்து அடுப்புக் கற்களைப் பார்த்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லைதான். ரேஞ்சர் அவன் இடது பெருவிரலைப் பிடித்து மசியில் ஒற்றி, கரிச்சானுக்குக் கீழே அழுத்தினார்.

இருவரும் அவன் வெட்டிய வழியிலேயே இறங்கிப் போனார்கள். அவன் போகவில்லை. மசி காயாத பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வாயில் வைத்து அதே சீட்டியை அடித்தான்.

மரத்திலிருந்து அவள் பதில் சொன்னாள்.