சத்தியத்துக்கு ஏற்றிய கற்பூரம்

லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எது நடந்தாலும் முதலில் கோயில் கமிட்டிக்குத்தான் போகும். கோழி காணாமல் போனாலும் சரி, புருஷன் அடித்தாலும் சரி. குற்றம் சொல்லப்பட்டவர் மாரியம்மன் முன்னால் நின்று "நான் செய்யல்ல" என்று சத்தியம் செய்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு வாய் திறப்பவர் அம்மனையே அவமதித்தவர்.

கொழுந்து பறிக்கும் பரிமளமும் கமிட்டிக்குத்தான் போனாள். அவளுடைய பதினொரு வயது மகள் கேஷிகா, ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு இனிப் போகமாட்டேன் என்று அழுதாள். காரணத்தைப் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். வகுப்பு நடத்தும் கஜேந்திரன் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவளை மட்டும் கோயில் சாமான் அறையைக் கூட்டச் சொல்வாராம். பிறகு கதவைச் சாத்துவாராம். தொடுவாராம். வெளியே சொன்னால் அம்மன் கண்ணைக் குத்திவிடும் என்றாராம்.

பரிமளம் மகளின் இரண்டு கண்களிலும் முத்தமிட்டாள். "ஒண்ணும் குத்தாது பாப்பா. அம்மன் ஒன் பக்கம்தான்."

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் கணவனுக்குப் போன் செய்தாள். அவன் உடனே பொலிசுக்குப் போகச் சொன்னான். அவளோ கமிட்டித் தலைவர் பொன்னையா நல்ல மனிதர், முறையாகக் கேட்பார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் அது தவறான வாசலுக்குப் போய்விட்டது.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. நெற்றி நிறைய விபூதியோடு கஜேந்திரன் நின்றார்.

"இந்தாம்மா பரிமளம்," என்றார் பொன்னையா. "தம்பி சத்தியம் பண்ணுறேங்குது. பண்ணிட்டா நீயும் நம்பிக்கிற வேண்டியதுதான். திருவிழா வருது. கொடியேறுற நேரத்துல ஊர்ப் பேரு கெடக்கூடாது."

"எம்புள்ள பொய் சொல்லுதுங்குறீங்களா தலைவரே?"

"பொய்யின்னு யாரு சொன்னா? புள்ளைங்க டீவியப் பாத்துட்டு எதையாச்சும் ஒளறும்."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "புருசங்காரன் கொழும்புல கெடக்கான். தட்டிக் கேக்க ஆளில்ல, அதான் ஆடுறா." சிலர் சிரித்தார்கள்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். கஜேந்திரன் கையை நீட்டினார். அந்தக் கையைப் பரிமளம் பார்த்தாள். மறு நிமிடம் தட்டு அவள் கையில் இருந்தது.

"ஏய்! தட்டத் தொடாத!" என்று பூசாரி பதறினார்.

அவள் சுடரின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூசை முடிந்ததும் செய்வதுபோலத் தட்டைப் பெண்கள் பக்கம் கொண்டுபோனாள். முன்னால் வந்த சுடரை மறுக்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொருத்தியும் தன்னையறியாமல் தொட்டுக் கும்பிட்டாள். பரிமளத்தோடு கொழுந்து பறிக்கும் வேலாயி மட்டும் கண்ணில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. தட்டு கடைசி வரிசையைத் தாண்டியபோது கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்திருந்தது. கஜேந்திரனுக்கு அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"இது சாமிக்குக் காட்டுறது. இவரு கையக் கழுவிக்கிறதுக்கு இல்ல," என்று பரிமளம் தட்டைப் படியில் வைத்தாள்.

"இன்னொரு கட்டி ஏத்துய்யா!" என்று கத்தினார் பொன்னையா.

"ஏத்துங்க. பாக்க நா நிக்க மாட்டேன். நாங்க பொலிசுக்குப் போறோம்."

"போனியின்னா ஒங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ செத்தா தப்பு மோளம் அடிக்கக்கூட ஆள் வராது."

"சத்தமில்லாமயே போறேன் தலைவரே. எம்புள்ள உசுரோட இருக்குறப்ப சத்தம் போடுறேன், அது போதும்."

பரிமளமும் கேஷிகாவும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது மழை தூறியது. வேலாயி மூச்சிரைக்க ஓடிவந்து, தான் போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றிக் கேஷிகாவுக்கு மாட்டிவிட்டாள்.

"எம்மக கஜனிக்கும் இப்புடித்தான் ஆச்சு. ஊருக்குத் தெரியாம கற்பூரம் ஏத்துனாங்க. இதே ஆளுதான் அணைச்சாரு. நா வாய மூடிக்கிட்டேன். புள்ளையப் பொகவந்தலாவைக்கு எந்தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். நானும் வாறேன் பரிமளம்."

"வாக்கா. ஏறு," என்றாள் பரிமளம். ஈரமான தன் துண்டை உதறி, வேலாயியின் தலையில் போட்டாள்.

பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர்களுக்கான பிரிவில் தமிழ் தெரிந்த சிங்களப் பெண் அதிகாரி ஒருத்தி இருந்தாள். கேஷிகாவை 'துவே', மகளே, என்று கூப்பிட்டு இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தாள். பிள்ளை குடித்து முடிக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு உள்ளறைக்கு அழைத்துப்போனாள். வெளியே வந்தபோது அதிகாரியின் முகம் இறுகியிருந்தது. கஜேந்திரனை அழைத்துவர ஜீப் புறப்பட்டது.

அது போன கையோடு பொன்னையா ஆட்டோவில் வந்து இறங்கினார். இது கோயில் விஷயம், உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்வோம், முறைப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று அதிகாரியிடம் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்.

"பிள்ளைக்கு நடந்தது எந்தக் கோயிலுக்கும் எந்தப் பௌத்தப் பன்சலைக்கும் உள்விஷயம் இல்லை, ஐயா. நீங்கள் போகலாம்," என்று தமிழிலேயே சொன்னாள் அவள்.

வேலாயி எழுந்தாள். "அவரப் போக விடாதீங்க மிஸ். முந்தி எம்மகளுக்கும் நடந்துச்சு. அதுக்கும் இவருதான் கற்பூரம் ஏத்துனாரு. அந்தாளச் சும்மா விட்டதும் இவருதான். அதையும் கேளுங்க."

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பொன்னையா உட்காராமல் பரிமளத்தைப் பார்த்தார்.

"சாமி குத்தமாயிரும்மா."

"ஆகட்டும் தலைவரே. சாமி கேட்டா நா பதில் சொல்லிக்கிறேன். இப்ப இவங்க கேக்குறாங்க. நீங்க உக்காந்து சொல்லுங்க."