கடலில் தொலைக்க ஒரு நாள்

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. மனைவிகூட அக்கம்பக்கத்தில், "எங்க டைம்கீப்பர் இன்னும் வரல" என்றுதான் சொல்வாள். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டிரைவர் வராத நாளில் எந்த ட்ரிப்பைக் கட் செய்தால் கூச்சல் குறைவாக இருக்கும் என்பதில் ஆள் கில்லாடி. முன்னால் போகிற வண்டியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பின்னால் வருகிறதைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, நடுவில் ஒரு பஸ் இருந்த சுவடே தெரியாமல் ஆக்கிவிடுவார். மேலதிகாரிகள் அதற்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

மைத்துனி வீட்டுக்குப் போனால்கூட இரண்டு ராத்திரிக்கு மேல் தங்காத அந்த மனிதர், ஒருநாள் காலை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே பசிபிக் தீவுகளுக்குச் சுற்றுலா போகலாம் என்றார். வாசல் அறையில் தைக்க வந்த பள்ளிச் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எங்க?"

"பசிபிக். தீவு. தென்னமரம், வெள்ளை மணலு, அடி தெரியற தண்ணி."

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றவர், குரலை இறக்கித் தேதியையும் சொன்னார்.

தேதியைக் கேட்டதும் அவள் வெட்டிய துணியை மடித்து வைத்தாள். நான்கு வருடம் முன்பு அதே தேதியில்தான் அவர்களுடைய ஒரே மகள் இறந்துபோனாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். காலையில் எழுந்து உட்கார்ந்து டாக்டரையே கிண்டல் செய்தவள், மத்தியானம் இல்லை. அந்த மத்தியானத்திலிருந்து இருவருமே இன்னும் வெளியே வந்தபாடில்லை. அதை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலமே அவள் அலமாரியைக் குடைந்து பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். வெயிலுக்கு இருவருக்கும் தொப்பி வாங்கி வந்தாள். கடலுக்குள் தூணை நட்டுக் கட்டிய குடிசைகளின் படங்களை போனில் பார்த்துவிட்டு, "ராத்திரி அலைச் சத்தம் கேட்டுட்டே தூங்கலாம், இல்ல?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. டைம்கீப்பர் உள்ளுக்குள் பூரித்துப் போனார். திட்டத்தின் சூட்சுமத்தைச் சொல்லாமலே இவ்வளவு சந்தோஷம் என்றால், சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சூட்சுமம் இதுதான். டிப்போ கேன்டீனில் ஒரு மெக்கானிக், முன்னாளில் கப்பலில் வேலை பார்த்தவன், டீயை ஆற்றிக்கொண்டே ஒரு கதை சொன்னான். பசிபிக் கடலுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டினால் ஒரு நாள் காணாமல் போய்விடுமாம். "திங்கக்கிழமை ராத்திரி படுத்தேன், எந்திரிச்சா புதன்கிழமைங்க. செவ்வாக்கிழமைன்னு ஒண்ணு வரவே இல்ல" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். டைம்கீப்பருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நாளையே தூக்க முடியும் என்றால், எந்த நாளைத் தூக்குவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மெக்கானிக் அந்தக் கோட்டை எந்தப் பக்கமிருந்து தாண்டினான் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலமெல்லாம் நேரத்தோடு மல்லுக்கட்டியவருக்கு அதையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் கேட்பதா என்று இருந்தது. கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைக்க வேண்டும், தள்ளிக்கொண்டே போனால் அந்தக் கோட்டில் ஒரு நாள் முழுசாகத் தாண்டிவிடும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். ட்ராவல்ஸ் ஆபீஸுக்குப் போய், "இந்தத் தேதி காலைல ஏறணும். ஏறிக் கோட்டைத் தாண்டிடணும். மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும், இது மாறக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தார். அன்று காலை ஒரு வாய் சாப்பாடு, விமானத்தில் ஒரு தூக்கம், இறங்கினால் மறுநாள். அந்த மத்தியானம் கடலோடு போகட்டும். அவள் அழ வேண்டாம், அவரும் பார்க்க வேண்டாம்.

டிக்கெட் வாங்கப் போன அன்று மனைவியும் கூட வந்தாள். ஆபீஸ் சின்னதுதான். சுவர் முழுக்க நீலக் கடலும் நீச்சல் உடையும். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் வயசில் சின்னவள், வாய் ஓயாதவள். இவர்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"வாங்க மேடம். சார் பெரிய ஆளு மேடம். எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டிருக்கேன், இவ்வளவு கரெக்டா ப்ளான் பண்ணி யாரும் கேட்டதில்ல."

"அப்படியா?" என்று மனைவி கணவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

"பின்ன? அந்த ஸ்பெஷல் தேதி உங்களுக்கு ரெண்டு தடவை வரப்போகுதே."

டைம்கீப்பர் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "என்னம்மா சொல்ற? ரெண்டு தடவையா?"

"ஆமா சார். முந்தின நாள் ராத்திரி நடுவுல ஒரு ஊர்ல தங்குறீங்க. விடிஞ்சா உங்க தேதி. காலைல ஃப்ளைட் ஏறி, கோட்டைத் தாண்டி, தீவுல இறங்கும்போது பழையபடி முந்தின நாள் ஆயிடும். தூங்கி எந்திரிச்சா மறுபடியும் அதே தேதி விடியும்."

"முந்தின நாளா? மறுநாள் இல்ல?"

"அது திரும்பி வரும்போது சார். வரும்போது ஒரு நாள் காணாமப் போயிடும். போகும்போது ஒரு நாள் கூடுதலாக் கிடைக்கும். அதுக்குத்தானே நீங்க அவ்வளவு அழுத்தமாச் சொன்னீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயுள் முழுக்க வண்டிகளுக்கு நேரம் குறித்த மனிதர், இருப்பதிலேயே வரக்கூடாத வண்டியை இரண்டு தடவை வரவழைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எவ்வளவோ புண்ணியமாகப் போயிருக்கும்.

"வெளிநாட்டுல சில பேர் இப்படிப் பண்ணுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார், கல்யாண நாளை ரெண்டு தடவை கொண்டாடணும்னு. அதனால நானே ரெண்டு ஹோட்டல்லயும் கேக் சொல்லிட்டேன். முதல் நாள் சின்னது, தீவுல பெருசு. பூ அலங்காரம் ஃப்ரீ. மேல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க. கல்யாண நாளா, பொறந்த நாளா?"

டைம்கீப்பருக்கு மனைவியின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது, பிறகு கதவு. அவர் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா சார்?"

அவர் வெளியே ஓடினார்.

அவள் அதிக தூரம் போயிருக்கவில்லை. பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் முகத்தில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"தப்புக் கணக்குப் போட்டுட்டேன்" என்றார். "தேதியை மாத்தச் சொல்லிடறேன். வேற வழியாப் போலாம்."

"என்ன கணக்குப் போட்டீங்க?"

மறைக்கத் தெம்பில்லை. மெக்கானிக் சொன்ன கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். "அந்த நாளே உனக்கு வரக்கூடாதுன்னு நெனச்சேன். ஒரு வருஷமாவது" என்று முடித்தார். தன் நல்லெண்ணம் அவளுக்குப் புரிந்துவிடும் என்று அவருக்கு நப்பாசை இருந்தது.

அவள் அவரையே பார்த்தாள். கூட வாழ்ந்த மனுஷனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "அவ நாளையே ட்ரிப் கட் பண்ணப் பாத்தீங்களா?"

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த வருஷமாவது நீங்க என்கூட உக்காந்து அவளைப் பத்திப் பேசப் போறீங்கன்னு நெனச்சேன். இந்த வீடு, சொந்தக்காரங்க, துக்கம் விசாரிக்கறவங்க எதுவும் இல்லாத இடத்துல, நாம ரெண்டு பேர் மட்டும். அதுக்குத்தான் கூப்பிடறீங்கன்னு ஆசையா தொப்பி எல்லாம் வாங்கினேன்."

"எனக்கு அது..."

"ஒவ்வொரு வருஷமும் அன்னிக்கு நீங்க டிப்போவுக்குப் போயிடறீங்க. லீவு எடுத்தவனுக்குப் பதிலா நீங்க போய் உக்காந்துக்கறீங்க. வர்றவங்களுக்கெல்லாம் தண்ணி குடுத்து, அழுது, அவங்களைத் தேத்தி அனுப்புறது நானு. போனாப் போகுது, மனுஷன் தாங்கமாட்டார்னு விட்டுட்டேன். இப்ப அந்த நாளே வேணாங்கறீங்க."

ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் டைம்கீப்பரை அடையாளம் கண்டு வணக்கம் வைத்தான். அவர் கவனிக்கவில்லை. பஸ் போய்விட்டது.

"நீங்க எத்தனை வண்டியைக் கட் பண்ணியிருப்பீங்க?" என்றாள் அவள். "கட் பண்ணிட்டா, ஸ்டாப்புல நிக்கறவங்க காத்துல கரைஞ்சா போயிடறாங்க? நின்னுட்டுத்தானே இருக்காங்க. நான் நாலு வருஷமா நின்னுட்டிருக்கேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவர் இப்படி நின்றதில்லை. அப்போது ஓடுவதற்கு வேலை இருந்தது. கையெழுத்துப் போட, ஆம்புலன்ஸ் பிடிக்க, நாலு பேருக்குச் சொல்ல. அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர் இன்னும் நிற்கவில்லை என்பது இந்த பஸ் ஸ்டாப்பில்தான் அவருக்கு உறைத்தது. தனக்கு வலிக்கிறது என்பதற்காக அவளைத் தனியாக விட்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"அவ பேரைச் சொல்லி எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள். "'பாப்பா ரூம்'னு சொல்றீங்க, 'அந்த விஷயம்'னு சொல்றீங்க. பேரைச் சொல்றதில்ல. நான் யாரோட சேர்ந்து அந்தப் பேரைச் சொல்றது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீஸுக்கே திரும்பி நடந்தாள். எல்லாவற்றையும் ரத்து செய்யப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளை விட்டால் அவருக்கும் போக்கிடம் இல்லை, பின்னாலேயே போனார்.

ட்ராவல்ஸ் பெண் கண் கலங்கிப்போய் எழுந்து நின்றாள். "சாரி மேடம். நான் ஏதோ..."

"நீ என்னம்மா பண்ணுவ. உக்காரு" என்றாள் மனைவி. "டிக்கெட்டை மாத்த வேணாம். அப்படியே இருக்கட்டும்."

டைம்கீப்பருக்கு இரண்டாவது தடவையாகத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டு நாள் வருதே" என்றார்.

"வரட்டும். முதல் நாள் நான் அழறேன். நீங்க என் பக்கத்துல உக்காந்திருங்க, எந்திரிச்சுப் போகாம. மறுநாள் நீங்க அழுங்க. நான் உக்காந்திருக்கேன்."

ட்ராவல்ஸ் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வேலையை விட முடியுமா. "அப்ப கேக் வேணாம்னு ஹோட்டலுக்குச் சொல்லிடறேன் மேடம். ஏன் வேணாம்னு கேப்பாங்க. என்ன நாள்னு சொல்லட்டும்?"

மனைவி கணவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கம்போல அவளே சொல்லிவிடுவாள் என்று அவரும் காத்துப் பார்த்தார். அவள் சொல்கிற வழியாக இல்லை.

"எங்க பொண்ணு" என்று ஆரம்பித்தார். மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எங்க பொண்ணு செத்துப்போன நாள்."

ட்ராவல்ஸ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டைம்கீப்பரால் அதோடு நிறுத்த முடியவில்லை. மகளின் பெயரைச் சொன்னார். குரல் உடைந்து பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றியது. துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

மனைவி அருகில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசா வரல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார்.