அத்தான் பேரில் ஓர் ஊசி

கன்னம் இருந்த இடத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக உப்பிக்கொண்டு வந்தபோதும் தம்பி அதை வீக்கம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, பெட்டியில் கொண்டுவந்திருந்த வலி மாத்திரைகளை முழுங்கித் தள்ளினான். பிழைக்க வந்த தேசத்தில் சொத்தைப் பல்லைக் காட்டினால் சொத்தையே எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்பது அவனோடு அறையில் தங்கியிருந்த எல்லாருடைய நம்பிக்கை. அதனால் அந்த அறையில் யாருக்கும் பல் வலிப்பதில்லை. வலித்தாலும் லீவு கிடைக்கும்வரை அது காத்திருக்க வேண்டும்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. லிஃப்டில் கை நசுங்கினால் கம்பெனி செலவு, கால் போனாலும் கம்பெனி செலவு. பல் மட்டும் அவன் பாடு. வாய்க்குள் இருப்பது உடம்பில் சேராது என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ!

வார விடுமுறையில், அதே ஊரில் இருந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவனுக்கு வாயே திறக்கவில்லை. சாதத்தைக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தாள். அதுவும் தொண்டையில் நின்றது. நெற்றியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

ஒரு கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டாள். இன்சூரன்ஸ் கார்டு இல்லாமல் வந்தால் இவ்வளவு ஆகும் என்று அவர்கள் சொன்ன தொகைக்குத் தம்பி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் காணாது. அவள் கணவர் எழுந்துபோய், தன் ஆபீஸில் கொடுத்திருந்த கார்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

"இதுல போட்டோ கிடையாது. பேரும் நம்பரும்தான். என் மூஞ்சி தெரியாத கிளினிக்காப் பாத்துப் போங்க. இவன் என் பேர்ல வரட்டும், நீ பொண்டாட்டியாவே போ. உனக்குத்தான் அவங்க பேச்சு வரும்" என்றார். பிறகு தம்பியிடம், "அக்கான்னு வாய் தவறிக் கூப்பிட்டுடாதே மச்சான். அங்க நம்ம ஆளுங்க யாராவது உக்காந்திருப்பாங்க."

"வாயே தொறக்கல அத்தான். எங்கேர்ந்து தவறுறது?" என்றான் தம்பி, பல்லைக் கடித்தபடியே. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் அத்தோடு சரி.

ரொட்டிக் கடை கவுண்ட்டரில் நின்று நின்று அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது 'மனைவி' என்ற ஒரே சொல்லை அவர்கள் பாஷையில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கூடப் பிறந்தவனைப் புருஷன் என்று சொல்லப்போகிறோமே என்று உடம்பு கூசியது. கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் உறவு என்ன என்று கேட்டதும் சொல்லியும் விட்டாள். அந்தப் பெண் கார்டையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உங்கள் கணவர் வயதுக்கு ரொம்ப இளமையாக இருக்கிறாரே என்றாள்.

"வலியில் மெலிந்துவிட்டார்" என்றாள் இவள். கன்னம் வீங்கி நிற்பவனைக் காட்டி மெலிந்துவிட்டார் என்று சொன்ன முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும். நல்ல வேளை, அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

பல் டாக்டர் ஒரு வயதான அம்மாள். கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தவுடன் அவர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் இறங்கினால் மூச்சு அடைத்துவிடும், முதலில் ஊசி, பிறகு கீறிச் சீழை எடுக்க வேண்டும் என்றார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், கார்டு நம்பருக்குத் திரையில் வந்திருந்த பழைய வைத்திய விவரத்தைப் பார்த்து, "அப்படி எதுவும் இல்லை, சரிதானே?" என்றார். திரையில் இருப்பதெல்லாம் சரி என்று தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. ஆட்டினாள்.

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். எதையாவது பேச வேண்டுமே என்று என்ன மருந்து என்று கேட்டாள் அக்கா.

பென்சிலின்.

தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலில் ஆணி ஏறி, இதே ஊசியைப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் உதடு தடித்து, கண் செருகி, மூச்சுக்குத் தவித்தான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடினார். அவளும் கூடவே அழுதுகொண்டு ஓடினாள். ஜென்மத்துக்கும் இந்தப் பையனுக்கு இது ஆகாது என்றார் டாக்டர். அம்மா உயிரோடு இருந்தவரை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் முதலில் அதைத்தான் சொல்வாள். அவனுக்கே அது ஞாபகம் இல்லை.

"வேண்டாம். அவருக்கு அது ஆகாது" என்றாள்.

நர்ஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள். போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் உங்கள் கணவருக்குக் கால் புண்ணுக்கு இதையேதான் போட்டிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருந்திருக்கிறார், பயப்படாதீர்கள் என்றாள். உண்மைதான். அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றியவளே இவள்தான். வேறு மருந்து போடுங்களேன் என்று கெஞ்சினாள். திரையிலேயே தெளிவாக இருக்கிறது, இவ்வளவு வேகமாகக் கேட்கும் மருந்து வேறில்லை, தாமதிக்க நேரமில்லை என்றார் டாக்டர். நர்ஸ் தம்பியின் சட்டைக் கையைச் சுருட்டி, பஞ்சால் துடைத்தாள்.

வேலை, விசா, குழந்தையின் பள்ளிக்கூடம், வாடகை வீடு எல்லாம் ஒரே சமயத்தில் அவள் கண் முன்னால் வந்து நின்றன. ஊசியும் வந்தது.

"ஐயோ, அவன் என் தம்பி!"

தமிழில்தான் கத்தினாள். அங்கே யாருக்கும் புரியவில்லை. தம்பிக்கு மட்டும் புரிந்தது. காய்ச்சலில் சொருகியிருந்த கண்ணைத் திறந்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். செத்தாலும் பரவாயில்லை, சொல்லாதே. மடையன்!

அவள் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் சொன்னாள். "இவர் என் கணவர் இல்லை. கார்டு என் கணவருடையது. இவன் என் தம்பி. இதைப் போட்டால் செத்துப்போவான்."

ஊசி தட்டுக்குத் திரும்பியது. டாக்டர் தம்பியின் சரியான பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அலமாரியிலிருந்து வேறு மருந்தை எடுத்தார். முதலில் இதை முடிக்கிறேன், மற்றதை அலுவலகத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அலுவலகக் கண்ணாடி அறையில் இருந்தவர் ஒரு தாளை நீட்டி, நடந்ததை எழுதித் தரச் சொன்னார். கணவரின் பெயர், அவர் வேலை செய்யும் இடம் எல்லாம் வேண்டும். அவள் பேனாவை வாங்கிய நேரத்தில் போன் அடித்தது.

"யாரும் எதுவும் கேக்கலையே?" என்றார் கணவர்.

"நானே சொல்லிட்டேங்க." ஊசி விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னாள். "உங்க ஆபீஸ் பேரைக் கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?"

மறுமுனையில் அவருக்குப் பின்னால் யாரோ எதையோ கேட்டுச் சிரிப்பது மட்டும் கேட்டது. திட்டப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் மூச்சு சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுதிக் குடு. கார்டை நான்தான் எடுத்துக் குடுத்தேன்னும் சேத்து எழுது. எனக்குத் தெரியாம நீ எடுத்ததா ஆயிடக் கூடாது. என்ன, புரியுதா?" புரியுதா என்று இன்னும் இரண்டு தடவை கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் பயந்து பேசி அவள் கேட்டதில்லை.

அவள் எழுதினாள். கண்ணாடி அறைக்காரர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து கிறுக்கலாக இருக்கிறது, கம்பெனியின் பெயர் புரியவில்லை, இன்னொரு முறை தெளிவாக எழுதுங்கள் என்று புதுத்தாளை நீட்டினார்.