சுவர் தெரியாத படங்கள்

லிகாயா தைவானிலிருந்து அனுப்பிய பெட்டியில் சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட் எல்லாவற்றுக்கும் அடியில், குளியல் துண்டு ஒன்றில் சுற்றி, அந்தக் கேமரா இருந்தது. பிலிம் போட வேண்டாம், கழுவக் கொடுக்க வேண்டாம். எடுத்த கையோடு முதுகுப்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் படம் வந்து நிற்கும். 2001 பிப்ரவரியில், மணிலாவுக்குக் கிழக்கே அந்த மலைச்சரிவுக் குடியிருப்பில், அப்படியொன்று வேறு யாரிடமும் இல்லை. கூடவே ஒரு சீட்டும் இருந்தது. "ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டைப் படம் எடுத்து அனுப்பு."

லிகாயாவின் கணவன் டாடோவுக்கு, ஆள் ஏற்றிப் போகும் ஜீப்னி வண்டி ஓட்டும் வேலை. லிகாயா நான்கு வருடமாகத் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். அவள் போன பிறகு அவள் அனுப்பிய பணத்தில் வாங்கியது அந்த வீடு; அவள் அதை நேரில் பார்த்ததே இல்லை. தெருவின் கடைசியில், மலையை வெட்டிய இடத்தில், முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு, வீடு கட்டி விற்ற கம்பெனிக்காரன் எழுப்பிய காங்கிரீட் சுவர். அந்தச் சுவரின் நிழலில் இரண்டே வீடுகள். மற்றது யாரும் வாங்காமல் பூட்டிக் கிடந்தது.

கேமராவோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. நாலு பேட்டரி போட்டால் இருபது படத்துக்குள் உயிரை விட்டுவிடும். டாடோ பேட்டரிகளைக் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போட்டு இன்னும் இரண்டு படம் பிடுங்கிப் பார்ப்பான். உள்ளே இருந்த மெமரி அட்டையில் பதினாறு படத்துக்குமேல் இடமில்லை. திரையில் வந்ததெல்லாம் சீன எழுத்து. அவனுக்குப் புரிந்தது ஒரே ஒரு குறி, குப்பைத்தொட்டிப் படம். அதை அமுக்கினால் படம் அழியும், இடம் கிடைக்கும். அதை மட்டும் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கேமராவையும் வயரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கோரிங்கின் பிரவுசிங் சென்டருக்குப் போவான்.

"வந்துட்டாருய்யா," என்பாள் கோரிங். "கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டுற மாதிரி வாரா வாரம் வீட்டுக்கு ஒரு போட்டோ. பவுடராவது போட்டு விட்டியா?"

"நீ கம்ப்யூட்டரைத் திற. வாயைத் திறக்காதே."

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, கோரிங்கின் பெரிய திரையில் வீட்டுக்குப் பின்னால் நின்ற காங்கிரீட் சுவரின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. "லென்ஸ்ல முடி ஒட்டியிருக்கு பாரு," என்றாள் கோரிங். டாடோ சட்டை நுனியால் துடைத்தான். அடுத்த படத்திலும் கோடு. அதற்கடுத்ததிலும். சின்னக் கண்ணாடியில் பார்த்தபோது அது கண்ணிலேயே படவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றான். முடி இல்லை, பிளவு. நகம் உள்ளே போனது.

அந்தப் படங்களை அவன் அனுப்பவில்லை. கடல் தாண்டிப் போனவர்களுக்குக் கெட்ட செய்தி அனுப்புவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். காய்ச்சல் விட்ட பிறகுதான் காய்ச்சல் வந்ததையே சொல்வோம். ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறவள், பகலில் தூங்கும் நாலு மணி நேரத்தையும் பறிக்கவா? குப்பைத்தொட்டியை அமுக்கினான். வேறு பக்கம் நின்று, பப்பாளி மரம் பிளவை மறைக்கும்படி புதிதாக எடுத்தான். படத்தில் வீடு ஜம்மென்று இருந்தது.

ஏப்ரலில் பப்பாளி மரம் போதவில்லை. முன்வாசலை மட்டும் எடுத்தான். மாதக் கடைசியில் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரை போனது. உள்ளே மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. கோடைக்காலம், இரண்டு மாதமாகச் சொட்டு மழையில்லை. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கையைப் பிளவுக்குள் விட்டபடியே இடது கையால் ஒரு படம் எடுத்தான், கம்பெனியில் காட்ட. காட்டினான். அந்த ஞாயிறே அட்டையில் இடம் போதாமல் அதையும் அழித்தான்.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். "வெயில்ல காங்கிரீட் விரியும் தம்பி. நீ ஜீப்னியைப் பாரு, சுவரை நாங்க பார்த்துக்கறோம்." இரண்டு ஆட்கள் வந்து ஒரே மதியத்தில் பிளவைப் பூசி மெழுகி, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். டாடோவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நம்பாமல் இருந்தால் ஏதாவது செய்தாக வேண்டுமே. பதினாறு படமும் வெள்ளைச் சுவரையே எடுத்து அனுப்பினான்.

அடுத்த வாரம் லிகாயா போன் செய்தாள். குரலில் அப்படியொரு துள்ளல்.

"டாடோ, சுவர் பளிச்சுன்னு இருக்கே! ஹாஸ்டல்ல என் கீழ் பெட்டுல மிலா இருக்காள்ல, பார்த்துட்டு அசந்துட்டா. பக்கத்து வீட்டை அவ வாங்கிட்டா! அவ அப்பா அம்மா அடுத்த மாசமே குடி வர்றாங்க. இனிமே நீ தனியா இல்ல."

சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. "நல்லது," என்றான் டாடோ. அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு மன்னிப்பே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

மிலாவின் அப்பா பென்சோ ஜூனில் வந்து இறங்கினார். மாங் பென்சோ என்றுதான் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஒரு கக்கத்தில் சண்டைச் சேவல், மறு கக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பெரிய படம். அது டாடோ எடுத்த வெள்ளைச் சுவர். மகள் பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தாள். அவர் மனைவி சாலுட், வந்த அன்றே தேங்காய்ப்பாலில் வேகவைத்த இனிப்புச் சோறு ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். "உன் படத்தைப் பார்த்துத்தான்யா எங்க பொண்ணுக்குத் தைரியமே வந்துச்சு," என்றாள். டாடோ தட்டை அப்படியே மூடி வைத்தான்.

ஜூலையில் மழை பிடித்தது. சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய்கள் விட்டிருந்தார்கள். முதல் வாரம் அவற்றில் தெளிந்த தண்ணீர் கொட்டியது. இரண்டாம் வாரம் செம்மண் நிறத்தில் கொட்டியது. மூன்றாம் வாரம், மழை வலுத்துக்கொண்டே போகும்போது, குழாய்கள் நின்றுவிட்டன. ஒன்றில்கூடச் சொட்டு இல்லை. டாடோ இன்ஜினியர் இல்லைதான். ஆனால் பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவன். சொட்ட வேண்டிய இடத்தில் தண்ணீர் சொட்டவில்லையென்றால் அது வேறெங்கோ சேர்கிறது என்று அவனுக்குத் தெரியும். வெள்ளைப் பெயிண்டில் பழைய கோடு மறுபடி எழும்பியிருந்தது, மெல்லிசாக, யாருக்கும் பயம் காட்டாத அளவுக்கு.

ஒரு வியாழக்கிழமை காலை அவன் வண்டி எடுக்கவில்லை. கேமராவைத் தோளில் மாட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"மாங் பென்சோ, ஒரு பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வாங்களேன். மழை விடட்டும்."

"ஏன், என் சேவல் உன் தூக்கத்தைக் கெடுக்குதா?"

"சுவர் சரியில்ல."

கிழவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கையால் காட்டினார். "நீ எடுத்ததுதானே?"

"அது வெறும் பெயிண்ட். அடியில பிளவு இருக்கு. என் கை முழங்கை வரைக்கும் உள்ள போச்சு."

"போட்டோ இருக்கா?"

"இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"லிகாயா பார்த்தா தூங்க மாட்டா."

திட்டுவார், காறித் துப்புவார் என்று டாடோ தலையைக் குனிந்து நின்றான். அவர் திட்டவில்லை. "உள்ள வா," என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார். பின்கதவு நிலையோடு பொருந்தாமல் கோணி நின்றது. அதைக் கயிற்றால் இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். சாலுட் தரையில் விரித்திருந்த பாயைச் சுருட்டினாள். பாய்க்கு அடியில் தரை ஓடுகள் கூரை போல முட்டிக்கொண்டு எழும்பியிருந்தன.

"ஒன்பது நாளாச்சு," என்றார் மாங் பென்சோ. "சாயங்காலமானா உள்ள ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வருது. எங்களுக்கு என்ன, கண்ணா தெரியாது?"

"தெரிஞ்சும் இங்கயே இருக்கீங்களா?"

"போனா, ஏன் போனீங்கன்னு மிலா கேப்பா. இந்த வீட்டுக்காக அந்தப் புள்ள ஆறு வருஷம் ஊருக்கே வரலைய்யா. அவகிட்ட என்னன்னு சொல்றது? மழை முடியட்டும், எல்லாம் சரியாயிடும்."

சாலுட் அதற்குள் தலையைச் சீவி, நல்ல கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். "வந்தது வந்தே, வாசல்ல வெச்சு எங்களை ஒரு படம் எடு. ரெண்டு பேரும் சிரிச்ச மாதிரி. நல்லா இருக்கோம்னு அவளுக்கு அனுப்பிவிடு." கொஞ்சம் தயங்கினாள். "சுவர் தெரியாம எடுக்க உனக்குத்தான் தெரியுமே, தம்பி."

டாடோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் தான் ஒருவன்தான் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தான். கேமராவைத் தூக்கினான். சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று சிரித்தார்கள். இந்தப் படத்தைத்தான் இவர்கள் சவப்பெட்டிக்கு மேல் வைத்து மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள் என்று தோன்றியது. பட்டனை அமுக்காமல் அவர்களைத் தாண்டி உள்ளே போனான். கயிறு கட்டிய கதவை எடுத்தான். எழும்பிய ஓடுகளை எடுத்தான். மழைக்குள் இறங்கி, தொந்தி போலப் புடைத்துக்கொண்டு வந்த சுவரை மூன்று பக்கமிருந்தும் எடுத்தான்.

மாங் பென்சோ பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்தார். "யாருக்குடா இது?"

"உங்க பொண்ணுக்கு."

"அழிச்சிடு. உன் கால்ல வேணா விழறேன். அழிச்சிடு."

"மாட்டேன், மாங் பென்சோ."

"அப்படின்னா என் வாசல்ல இனிமே நிக்காதே. வெளிய போ!"

பிரவுசிங் சென்டரில் கோரிங் அன்று கேலி எதுவும் பேசவில்லை. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்க இறங்க அவள் முகம் வெளுத்தது. மிலா பெயர், லிகாயா பெயர் இரண்டையும் டாடோவே தட்டினான். தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். லிகாயாவின் நாலு வருடச் சம்பளமும் நாலு வருடத் தூக்கமும் அந்த ஒரு பட்டனில் போய்விடும். அவனால் விரலை நகர்த்த முடியவில்லை.

"அனுப்புறியா, நான் அனுப்பவா?" என்றாள் கோரிங்.

அவனே அனுப்பினான். மழையில் லைன் இழுத்துக்கொண்டே கிடந்து, ஐந்து படமும் போய்ச் சேர ஒரு மணி நேரமானது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் செல்போன் அடித்தது. கிழவர் சத்தம் போட்டார். பிறகு சத்தம் தணிந்தது. பிறகு, "வேண்டாம்மா, அழாதே, போயிடறோம், இப்பவே போயிடறோம்," என்று கெஞ்சுவது கேட்டது. மூட்டையோடு சாலுட்டும், சேவலோடு மாங் பென்சோவும் வெளியே வந்தார்கள். டாடோ மூட்டையை வாங்கப் போனான். கிழவர் கொடுக்கவில்லை.

"ஆறு வருஷத்துல அவ அழுது நான் கேட்டதில்ல," என்றார். "இன்னைக்குக் கேக்க வெச்சிட்டேல்ல."

அவர்கள் தேவாலயத்துக்கு மேடேறிப் போனார்கள். டாடோ துணிமணியையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்தங்கி நடந்தான். லிகாயாவிடமிருந்து போன் வரவில்லை. ஷிப்டுக்குப் போயிருப்பாள், படம் பார்த்திருக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, மழை விட்டு வெயில்கூட லேசாக அடித்துக்கொண்டிருந்தபோது, சுவர் சாய்ந்தது. தேவாலயத்தின் தரை அதிர்ந்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது தெருவின் கடைசியில் இரண்டு வீடுகள் இருந்த இடத்தில் மலை உட்கார்ந்திருந்தது. ஒரு ஓட்டுத்துண்டுகூட வெளியே தெரியவில்லை. சாலுட் அங்கேயே முழங்காலில் விழுந்தாள். மாங் பென்சோ டாடோவைத் திரும்பிப் பார்த்தார்.

லிகாயா நாலரை மணிக்கு அழைத்தாள். கோரிங் சொல்லி அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"மிலாவோட அப்பா, அம்மா?"

"நல்லா இருக்காங்க. இங்கதான் இருக்காங்க."

அவள் அழுதாள். வெகுநேரம் அழுதாள். அவள் போன் கார்டில் காசு தீர்ந்துவிடப் போகிறதே என்றுகூடச் சொல்லாமல் அவன் காதில் வைத்தபடி நின்றான். அழுகை நின்ற பிறகு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"எப்போலருந்து தெரியும்?"

பொய் சொல்ல இனி அவனிடம் எதுவும் மிச்சமில்லை. "மார்ச்."

"மார்ச்சா?" அவளுக்குப் பின்னால் பெண்கள் ஷிப்டுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. "நீ அனுப்புனது ஒவ்வொண்ணையும் பெட்டுக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன். தூங்குறதுக்கு முன்னாடி மனசாலயே ஒவ்வொரு ரூமாப் போய் வருவேன். இங்க மேசை, இங்க கட்டில்னு."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் லிகாயா..."

"நாலு வருஷம் உழைச்சு ஒரு வீடு வாங்கினேன், டாடோ," என்றாள் அவள். "அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."